எத்தனை அக்காவும் எட்டுக் கட்டமும்

என் அக்காவிடம் "நிறைய" என்ற சொல் செல்லுபடியாகாது. "இன்னைக்கு நிறைய வேலைக்கா" என்று சொல்லிப் பாருங்கள், "எத்தனை?" என்பாள். "சீக்கிரம் வந்துடறேன்" என்றால் "எத்தனை மணிக்கு?" தலைவலி என்று படுத்தால்கூட "எத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைத் தேடுவாள். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு படுக்கை விரிப்பு, அறுபது திரை, ஆபரேஷன் தியேட்டர் துணி தனி. எண்ணி வாங்கி, எண்ணி வெளுத்து, எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு விரிப்பு குறைந்தால் எங்கோ ஒரு வார்டில் ஒரு நோயாளி வெறும் மெத்தையில் படுக்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது மாதம் நான் அவளோடு பேசவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வாய் ஏன் இப்படி என்று விளங்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். கீழே குழியில் நான் நிற்பேன், மேலே மோட்டார் ரூமில் என் கூட்டாளி இருப்பான். "நிறுத்து!" என்று நான் சொல்வது ஆறு மாடி ஏறி அவன் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் லிஃப்ட் என் தலையில் இறங்கிவிடும். இருபது வருடம் இப்படிக் கத்திப் பழகியவனிடம் "மெதுவா பேசுங்க" என்றால் எங்கே போவான்? நான் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பாள் என் வீட்டுக்காரி. கோபமும் கொஞ்சம் உண்டு. "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று ஒருமுறை அவளிடம் பெருமை பேசினேன். "கோபம் இருக்கிற இடம் தெரியுது. குணத்தைத்தான் பதினாலு வருஷமா தேடிட்டிருக்கேன்" என்றாள்.

அக்கா ஃபுட்பால் கோச் ஆனதே ஒரு கூத்து. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், நீரேற்று நிலையத்தை ஒட்டி ஒரு மைதானம். சமூகக் கூடத்துக்காரர்கள் அங்கே பிள்ளைகளுக்கு ஃபுட்பால் நடத்திவந்தார்கள். நடத்தியவர் வேலை மாறிப் போய்விட்டார். ஆள் கிடைக்காவிட்டால் மைதானம் கார் நிறுத்தப் போய்விடும் என்று பேச்சு. அக்கா அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் வராத விஷயமாகக் கூடத்துக்குப் போயிருக்கிறாள். அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மகனும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான். மாலை நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். அங்கே இருந்த மேனேஜரிடம் சும்மா கேட்டாளாம்.

"எத்தனை பிள்ளைங்க?"

"பதினேழு."

"எத்தனை பந்து?"

"மூணு. ரெண்டுல காத்து இல்ல."

"பம்ப்?"

"இல்ல."

"அப்ப முதல்ல பம்ப் வாங்குங்க, இந்த வாரத்துக்குள்ள" என்றிருக்கிறாள். இவ்வளவு விவரமாகக் கேட்கிற ஆளை விடுவார்களா? கையோடு மைதானத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் மறுநாளும் வரவில்லை.

விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தாள். ஆனால் பந்தைவிட அவளுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சீசன் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அட்டையில் தன் இலக்கை எழுத வேண்டும். அட்டைகளைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டிவைப்பாள். வாரம் தவறாமல் கட்டத்தில் டிக் போட வேண்டும். செய்யாத வாரம் கட்டம் வெறுமையாக இருக்கும். அதற்காக யாரையும் திட்ட மாட்டாள். ஆனால் செய்யாமல் டிக் போட்டால் தொலைந்தான்.

அட்டை அவள் கையில் அவ்வளவு சுலபமாக நிற்காது. மூன்று கேள்வி உண்டு. எத்தனை? எப்போ? உன் கையில இருக்கா? முதல் வருடம் தையல்காரர் மகன் "பெரிய ஆட்டக்காரன் ஆவேன்" என்று எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்தது. "பத்து கோல் போடுவேன்" என்று மாற்றினான்.

"அது உன் கையில இருக்கா? எதிர்ல ஒருத்தன் நிப்பானேப்பா, அவன் விடணுமே" என்றாள்.

மூன்றாம் தடவை, "தினமும் இடது காலால் இருபது முறை சுவரில் உதைப்பேன்" என்று எழுதினான். அது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்தான் சண்டைக்கு வந்தார். பிள்ளைகள் அவளுக்கு "எத்தனை அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்களும் பின்னால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் தெரியும்.

என் மகளும் போன வருடம் அங்கே சேர்ந்தாள். பதினோரு வயது, கோல்கீப்பர். வீட்டில் அத்தை, அத்தை என்று அக்கா மடியில் கிடப்பவள் மைதானத்துக்குள் போனால் மற்றவர்களைப் போல "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவும் சட்டம்.

சண்டை வந்தது போன சீசனின் கடைசி மேட்சில். அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கப் போனேன். சத்தியமாக நல்ல மனதோடுதான் போனேன். பந்து மகள் பக்கம் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "முன்னாடி வா! முன்னாடி!" என்றேன். இரண்டடி முன்னால் வந்தாள். அதற்குள் அடிக்கிறவன் தூரத்திலிருந்தே உதைக்கப் பார்த்தான். "பின்னாடி போ! போடீ!" என்றேன். குழந்தை பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பந்து அவள் தோளுக்கு மேலே போய் வலையில் விழுந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். விசில் ஊதியவர் பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு மனிதர், சம்பளமில்லாமல் வருகிறவர். அவரைப் பார்த்து, "கண்ணை வேன்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள். மைதானத்தின் நடுவே நேராக நடந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, வெளிய போ."

"அக்கா, அவன்..."

"வெளிய போடா. நீ போனாத்தான் ஆட்டம் நடக்கும்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும்தான். "இனிமே இந்த மைதானத்துல நான் காலை வெச்சா ஏன்னு கேளு!" என்று கத்திவிட்டு வந்தேன். அது ஆறு மாடிக்கு இல்லை, பத்து மாடிக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவள் ஐந்தாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. லிஃப்டில் அவள் முகத்தில் விழித்துவிடக் கூடாது என்று நான் படியேற ஆரம்பித்தேன். அந்த லிஃப்டைப் பராமரிப்பதே நான்தான். நான் படியேறுவதைப் பார்த்தவர்களெல்லாம் "லிஃப்ட் சரியில்லையா?" என்று பயந்தார்கள். கட்டடச் செயலாளர் எங்கள் கம்பெனிக்கே போன் செய்து, "உங்க மெக்கானிக்கே அதுல ஏற மாட்டேங்கறார், நாங்க எப்படி ஏறுறது?" என்று புகார் சொன்னார். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

இந்த சீசன் தொடங்கியது. எட்டு வாரம், ஞாயிறுதோறும் ஒரு மேட்ச். முதல் சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்து நின்றாள்.

"நாளைக்கு மேட்ச் இருக்குப்பா. வர்றியா?"

"வேலை இருக்குடா கண்ணு."

"சரி" என்றாள். போய்விட்டாள். அடம் இல்லை, சிணுங்கல் இல்லை. ஒரு பொம்மைக்காக இரண்டு மணி நேரம் அழுகிற பிள்ளை இது. வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். அதற்கடுத்ததும் அப்படியே. ஏழு மணி அடித்தால் வந்து நிற்பாள், கேட்பாள், நான் இல்லை என்பேன், "சரி" என்பாள். நாலாம் வாரம் எனக்கே எரிச்சல் வந்து, "ஏன் சும்மா சும்மா கேக்கறே? உங்க அத்தை கேக்கச் சொன்னாளா?" என்றேன். "இல்லப்பா, நானாத்தான் கேக்கறேன்" என்றாள்.

ஏழு சனிக்கிழமை போயிற்று. கடைசி மேட்சுக்கு முந்தைய புதன்கிழமை, சமூகக் கூடத்து லிஃப்ட் கதவு மூடவில்லை என்று கம்பெனிக்குப் புகார் வந்தது. மைதானம் வேறு, கூடம் வேறு என்று மனதுக்குள் ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு போனேன். கதவின் சென்சார் போயிருந்தது. புதியதை எடுத்துவரக் கூட்டாளியை அனுப்பிவிட்டு, உட்கார இடம் தேடிப் பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். பந்து, கூம்பு, சட்டை எல்லாம் வைக்கிற அறை. மேட்ச் இல்லாத நாளில் அட்டைகளும் அங்கேதான், சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

சும்மாதான் பார்த்தேன். "பந்து வரும்போது கண்ணை மூட மாட்டேன், ஒரு மேட்சில் ஐந்து தடவை." "தோற்றாலும் கை கொடுப்பேன், எட்டு மேட்ச்." படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவன் என் மகள் கையெழுத்தைப் பார்த்து நின்றேன்.

மேலே ஒரு வரி எழுதி அடித்திருந்தது. "அப்பா ஒரு மேட்சாவது பார்க்க வரணும்." அதற்குக் கீழே, துணியில் எண் போடுகிற மார்க்கரில் அக்காவின் எழுத்து: "உன் கையில இருக்கா?" அதற்கும் கீழே மகள், "இல்லை" என்று எழுதியிருந்தாள். பிறகு புதிதாக எழுதியிருந்தாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாகிட்ட கேட்பேன். எட்டு தடவை. இல்லைன்னு சொன்னா அழ மாட்டேன்."

இரண்டு வரிசைக் கட்டம். கேட்பேன் என்ற வரிசையில் ஏழு டிக். அழ மாட்டேன் என்ற வரிசையில் ஐந்து. இரண்டு கட்டம் வெறுமை.

பொய் டிக் போடக் கூடாது என்பது சட்டம் அல்லவா. என் பிள்ளை போடவில்லை.

அங்கேயே பந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். எந்த இரண்டு சனிக்கிழமை? அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த அட்டை ஞாயிறுதோறும் கோல் கம்பத்துக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது. வந்து போன அத்தனை பெற்றோரும் படித்திருப்பார்கள். அந்த வேன் ஓட்டுநரும் படித்திருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெறும் கட்டம் இரண்டையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். கூட்டாளி வந்து, "என்ன ஆச்சு, கண்ணுல தூசியா?" என்றான். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து அக்கா வெளியே வந்தாள். வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை எப்போதும் அவளோடு வரும்.

"அக்கா."

நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். "என்னடா, படியெல்லாம் ஏறி முடிச்சிட்டியா?"

"ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"அட்டையப் பாத்தியா?"

"பாத்தேன்."

கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "வா. ஆனா நீயும் அட்டை எழுதணும்" என்றாள்.

எனக்கு மறுபடி கோபம் ஏறிவிட்டது. "நானா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைங்க யாரும் ரெஃப்ரியத் திட்டலையே."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். எப்போதும் வைத்திருப்பாள் போலிருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரில் வைத்து, "ஒழுங்கா இருப்பேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒழுங்குன்னா எத்தனை?"

அடித்துவிட்டு, "வாயைத் திறக்க மாட்டேன்" என்று எழுதினேன்.

"உன் கையில இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லக்கா" என்றேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் இப்படி எழுதினோம்: "ஆட்டம் நடக்கும் ஐம்பது நிமிடமும் கத்தத் தோன்றும் ஒவ்வொரு தடவையும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன்." கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள். "வீட்டுக்குப் போய் நீயா முந்திக்கிட்டுச் சொல்லாத. சனிக்கிழமை அவ கேக்கட்டும். எட்டாவது டிக் அவளோடது."

"அவ கேக்கலைன்னா?"

அக்கா சைக்கிளை எடுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஏழு மணி ஆயிற்று. மகள் வரவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏழு இருபது. டிவியை நிறுத்தினேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினேன். வாயை மூடுங்கள் என்று வீட்டுக்காரி ஜாடை காட்டினாள். ஏழு முறை இல்லை என்று கேட்டவள் எட்டாவது முறை எதற்கு வரப் போகிறாள், சலித்திருப்பாள் என்று தோன்றியது. நானாக இருந்தால் மூன்றாம் வாரமே விட்டிருப்பேன். குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், துடைக்கவில்லை.

"அப்பா, நாளைக்குக் கடைசி மேட்ச். வர்றியா?"

"வர்றேன்."

"சரி" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். இரண்டடி நடந்தவள் நின்றாள். "என்ன சொன்ன?"

"வர்றேன்னு சொன்னேன்."

குதிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்தது உண்மை. அவள் என்னை அப்படியே பார்த்தாள். "கத்துவியா?" என்று கேட்டாள்.

"கத்த மாட்டேன்."

"எத்தனை தடவை கத்த மாட்ட?"

அத்தைக்கு மருமகள் தப்பாமல் பிறந்திருக்கிறாள். "பத்து எண்ணுவேன், அட்டையில எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் அந்த வேன் ஓட்டுநரிடம் போய், "அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். "ஒன்பது மாசமா வேன்லதான் தேடிட்டிருக்கேன், கண்ணு கிடைக்கல" என்றார். வாங்கிக்கொண்டேன். முதல் பாதியிலேயே பதினோரு தடவை பத்து எண்ணினேன். விரலில் கம்பி பதிந்துவிட்டது. ஒரு பந்து மகள் கைக்கு அடியில் நழுவி உள்ளே போயிற்று. உடனே வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் உதடு அசைவதைப் பார்த்தாள். பிறகு கையுறையைத் தட்டிக்கொண்டு பந்தைப் பார்க்கத் திரும்பினாள். அதற்கப்புறம் அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பையன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். முன்னால் வா என்று தொண்டை வரை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் சொல்லாமல் அவளே முன்னால் பாய்ந்து, அவன் காலடியில் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாலு எண்ணுவதற்குப் பதிலாக, "பிடிச்சுட்டாடா!" என்று அலறிவிட்டேன். நீரேற்று நிலையத்திலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தார்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பிள்ளைகள் கயிற்றடியில் கூடி அட்டையை முடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் அட்டையை நீட்டினாள். "ஒண்ணு" என்றாள். நான் வாதாடவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

என் மகள் தன் அட்டையோடு வந்தாள். எட்டாவது டிக் போட்டிருந்தாள். கீழ் வரிசையில் எட்டாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். மைதானத்துச் சட்டத்தை மறந்து, "அத்தை" என்று கூப்பிட்டாள்.

"இல்லைன்னு சொன்னா அழ மாட்டேன்னுதான் எழுதியிருக்கேன். நேத்து அப்பா வர்றேன்னு சொன்னாரு. அதுக்கு அழுதேன். டிக் போடலாமா, கூடாதா?"

"எத்தனை நேரம் அழுத?" என்று கேட்க வாயெடுத்தாள் அக்கா. பாதியில் நின்றுவிட்டது. நானூறு விரிப்பையும் பார்வையிலேயே எண்ணுகிறவள், அந்த ஒரு கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டையை வாங்கி, அந்தக் கட்டத்தை அப்படியே விட்டு, தேவைக்கு மேல் கவனமாகக் கயிற்றில் மாட்டினாள். கிளிப் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது.

"என்னடா பாத்துட்டு நிக்கற?" என்றாள் என்னிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வந்ததுதான் வந்தே, அந்த வலையக் கழட்டு."

நான் போய் வலையைக் கழற்றினேன்.